பொதுத் தூம்பா

தூம்பா கேட்கப் போன மிக்கேல்ராஜ் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது கீழத்தெருவில் யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. அதிர்ந்துபோனவர் அவர் ஒருவர்தான். சாவு வீட்டுப் பந்தலின் காலைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.

தூம்பா என்பது பிணத்தை வைத்துக் கல்லறைக்குத் தூக்கிப்போகிற பெட்டி. கத்தோலிக்க ஊர்களில் கோயிலுக்குக் கோயில் உண்டு. பிணத்தோடு சேர்த்து அதைப் புதைப்பதில்லை. குழியருகே இறக்கிவிட்டு, அடுத்தவருக்காகக் காலியாகத் திரும்பி வந்துவிடும். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, நத்தம் சாலையை விட்டு விலகியிருக்கிற ராயப்பன்குளத்தில் நெடுங்காலமாக இரண்டு தூம்பாக்கள் இருந்தன. மேலத்தெருவுக்கு ஒன்று, கீழத்தெருவுக்கு ஒன்று. கோயில் ஒன்றுதான், சவேரியார் ஒருவர்தான், ஞானஸ்நானம் கொடுக்கிற தொட்டியும் ஒன்றுதான். ஆனால் உயிரோடு இருக்கையில் எத்தனை விதமாகப் பிரிந்திருந்தார்களோ, அத்தனைக்கும் முத்திரை வைத்தாற்போல் சாவிலும் பிரிந்தே போனார்கள்.

மிக்கேல்ராஜ் கீழத்தெருக்காரர். தச்சு வேலை அவருக்குப் பரம்பரையாக வந்ததல்ல, பட்டாளத்தில் கற்றது. 1942இல் பாலமும் பாதையும் போடுகிற சாப்பர் பட்டாளத்தில் ஆள் எடுத்தபோது மேலத்தெரு இருதயநாதனும் அவரும் ஒரே நாளில் பெயர் கொடுத்தார்கள். அசாமிலும் பர்மா எல்லையிலும் இருவரும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரப்பாலம் கட்டினார்கள். அவர்களுடைய வெள்ளைக்கார சார்ஜெண்டுக்கு இருவரில் யார் யாரென்று கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு தடவை இருதயநாதன் தொலைத்த ரம்பத்துக்கு மிக்கேல்ராஜைத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டான். இருதயநாதன் போய், "அது நான்தான்" என்று சொன்னதற்கு, "எல்லாக் கறுப்பனும் ஒன்றுதான், நீயும் ஓடு" என்று அவரையும் விரட்டினான். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் பல மாதம் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பிலிருந்து மிக்கேல்ராஜ் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். சாதி என்பது மனிதர் கட்டிவிட்ட கதை. பார்க்கிற கண்ணை மாற்றிக்கொண்டால் அது இல்லாமல் போய்விடும். திண்டுக்கல் நாகல் நகரில் அப்பாஸின் மரப்பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவரை யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. "மேஸ்திரி" என்பார்கள், அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை ஊருக்கு வந்து தன் மாமனார் சின்னக்கண்ணுவிடம் இதைப் பேசுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

"கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு எப்படி மாமா இருக்கும்? என்னையும் இருதயநாதனையும் பக்கத்துல பக்கத்துல நிப்பாட்டுங்க. யாரு எந்தத் தெருன்னு வெளியூர்க்காரன் சொல்லிருவானா?"

"காத்து கண்ணுக்குத் தெரியுதா மாப்ளே? போன ஐப்பசியில உங்க வீட்டுக் கூரையைத் தூக்கிட்டுப் போய் ஓடையில போட்டுச்சே, அது யாரு, உங்க சார்ஜெண்டா?"

சின்னக்கண்ணு இப்படித்தான். நறுக்கென்று சொல்லிவிட்டுப் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். கீழத்தெருத் தூம்பா அவருடைய மாட்டுக்கொட்டத்தின் பின்பக்கம், ஓலைச் சாய்ப்பின் கீழ் இருந்தது. மழைக்கு முன்னால் எண்ணெய் பூசி வைப்பதும், கறையான் அரித்த காலுக்குத் தகரம் அடிப்பதும் அவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல, அவராக எடுத்துக்கொண்டது.

1956இல் புதுச் சாமியார் வந்தார். இளவயது, நல்ல மனிதர், வேகமானவர். கோயிலுக்குள் இரண்டு தெருவையும் பிரித்த மர அழியை வந்த மாதமே பிடுங்கி எறிந்தார். "இந்தக் கோயில் பங்கில் மேலத்தெருவும் இல்லை, கீழத்தெருவும் இல்லை. அந்தப் பெயர்களை இனி என் காதில் போடாதீர்கள்" என்று பிரசங்கத்தில் சொன்னார். மிக்கேல்ராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழி போன பிறகும் இரு தெருக்காரரும் பழைய இடங்களிலேயே முழந்தாளிட்டார்கள். பழக்கம், போகப்போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து சாமியார் கைவைத்தது தூம்பாவில். இரண்டையும் உடைத்துவிட்டு ஊருக்கு ஒன்று செய்ய வேண்டும். செய்ய மிக்கேல்ராஜைத் தவிர வேறு யார்? அப்பாஸ் பட்டறையிலிருந்து தேக்கு வந்தது. கூலி வாங்காமல் ஒரு மாதம் இழைத்தார். நான்கு பக்கமும் சன்னச் சிலுவைகள், கால்மாட்டில் மண்டையோடும் எலும்பும், தோளில் பதிகிற கைப்பிடிகளில் உறுத்தாமலிருக்க வளைவு. பட்டறைக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேலத்தெரு தங்களுடையதை முணுமுணுப்போடு கொடுத்தது. முரண்டு பிடித்தது சின்னக்கண்ணுதான்.

"புதுசு வரட்டும் மாப்ளே, வேணாங்கல. பழசு பாட்டுக்கு மூலையில கெடக்கட்டும். திங்கவா கேக்குது?"

"அப்ப நம்மதான் பிரிச்சு வச்சிருக்கோம்னு ஆயிரும் மாமா. அவுக குடுத்துட்டாக. நம்ம குடுக்கலைன்னா சாதி பாக்குறது யாரு? நம்மதானே?"

"அவுகளுக்கு ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துரும்லே. நமக்கு?"

"அந்த இன்னொண்ணுதான் நமக்கும். கையால செஞ்சவன் நான் சொல்றேன்ல. வேணும்னா நம்ம தெருவுல மொதல்ல உங்களையே அதுல ஏத்தி ராசா மாதிரி கொண்டுபோறேன், போதுமா?"

"அடப்பாவி, தூம்பா கேட்டா என் உசுரைக் கேக்குறீரே!" என்று கிழவர் சிரித்துவிட்டார். சிரித்ததே சம்மதமாகிவிட்டது. தெருவில் மற்றவர்களும் மிக்கேல்ராஜின் சொல்லுக்காகத் தலையாட்டினார்கள். 1957 நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, கோயில் முற்றத்தில் இரண்டு பழைய தூம்பாக்களையும் மிக்கேல்ராஜே கோடாலியால் பிளந்தார். கீழத்தெருவுடையது இரண்டு அடியில் உதிர்ந்துவிட்டது. புதியதைச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்தார். கோயிலை ஒட்டிய அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவி இருதயநாதனிடம் போயிற்று.

ஜனவரியில் சாமியார் நன்மரண சபையைப் புதுப்பித்தார். சாகக் கிடப்பவர் வீட்டில் போய் உட்கார்ந்து செபமாலை சொல்வது, வெள்ளை அங்கி போட்டுத் தூம்பா தூக்குவது சபையின் வேலை. இருதயநாதன் தலைவர். விதிகளைப் பூசை முடிவில் வாசித்தார்கள்: தூம்பா சபையாருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும், சபையில் யாரும் சேரலாம், ஏற்கெனவே சேர்ந்திருக்கிற இருவர் ஜாமீன் சொல்ல வேண்டும். விதிகளில் எங்குமே தெரு என்ற சொல் இல்லை. அதைக் கேட்டு மகிழ்ந்து தலையாட்டியவர்களில் மிக்கேல்ராஜும் ஒருவர்.

1958 பிப்ரவரியில், விபூதித் திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை, சின்னக்கண்ணு மாட்டை அவிழ்த்துக் கட்டப் போனவர் அங்கேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். புதிய தூம்பா வந்தபின் கீழத்தெருவில் முதல் சாவு.

தகவல் கிடைத்து மிக்கேல்ராஜ் திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்ந்ததும் நேரே இருதயநாதன் வீட்டுக்குத்தான் போனார்.

"மாமனார் தவறிட்டாரு. சாவியைக் குடுங்க."

"கேள்விப்பட்டேன் மிக்கேலு. தங்கமான மனுசன்." இருதயநாதன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா சாவி குடுக்குறதுக்கில்லையே. அவரு சபையில இல்லையே."

"சபையில இல்லைன்னா?"

"விதிதான். போன வாரம் எங்க பெரியப்பாரு மருமகன் வீட்டுல சாவு. அவனும் சேரல. அவனுக்கும் இல்லைன்னுட்டோம். பக்கத்து ஊருக்குப் போய்த் தூம்பா எடுத்துட்டு வந்தான். நான் என்ன செய்ய?"

"அப்ப இப்பச் சேத்துக்கங்க. நீங்க ஒரு ஜாமீன் சொல்லுங்க."

இருதயநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சேந்தா சாகக் கிடக்குறவுக வீட்டுக்குள்ள போகணும். சபையாரும் உங்க வீட்டுக்கு வரணும். எனக்கு ஒண்ணுமில்லப்பா. மத்தவன் ஒத்துக்கணும்ல. பொம்பளைக இருக்காக."

மிக்கேல்ராஜ் வாசலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். தான் அங்கே நிற்பதை அப்போதுதான் கண்டார். பட்டாளத்தில் "ஏலே நாதா" என்று முதுகில் அறைந்த ஆளிடம், மேலத்தெருவுக்குள் வந்ததும் "குடுங்க, சொல்லுங்க" என்று தன் நாக்கு தானாக மாறியிருந்ததும் காதில் விழுந்தது. இன்றைக்கு மட்டும் மாறியதல்ல. பன்னிரண்டு வருடமாக, திண்டுக்கல் பேருந்தில் "வாலே" என்றவர் ஊர் எல்லையில் இறங்கியதும் "வாங்க" என்றிருக்கிறார். கண்ணுக்குத் தெரியவில்லை என்று உலகுக்கெல்லாம் சொன்னவரின் நாக்குக்கும் காலுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரோ பிடரியில் அடித்ததுபோல் இருந்தது.

அடுத்து சாமியார் பங்களாவுக்கு ஓடினார்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதானே மிக்கேல்" என்றார் சாமியார், பொறுமையாக. "சபையில் சேராத யாருக்கும் கிடையாது. இதில் வித்தியாசம் எங்கே வந்தது?"

"சேர விடமாட்டேங்குறாக சாமி. கீழத்தெருக்காரனுக்கு ஜாமீன் சொல்ல மேலத்தெருவுல ஆளில்ல."

சாமியாரின் முகம் வாடிவிட்டது. கோபமில்லை, வலி. "மிக்கேல், நீயா? அந்தப் பெயர்களை நாம் ஒழித்துவிட்டோம் என்று நம்பியிருந்தேன். இத்தனை நாளில் இந்தப் பங்களாவுக்குள் சாதியைக் கொண்டுவந்த முதல் ஆள் நீதான். உன்னிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே சாமியாரிடம் வேறு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மறுத்தவர்களுக்கு அதைச் சொல்லவே தேவைப்படவில்லை.

அப்படித்தான் அவர் வெறுங்கையோடு பந்தலுக்கு வந்தார்.

"மேஸ்திரி வந்துட்டாரு, ராசா பல்லக்கு எங்கன்னு கேளுங்கடி" என்றாள் பக்கத்து வீட்டு அய்யம்மாள், ஒப்பாரிக்கு நடுவிலேயே. சில பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். மனைவி அமலராணி தகப்பனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள்.

"என்ன சொன்னாக?"

"சபையில சேரலையாம்."

"அப்பா கேட்டாரு, ஓரமாக் கெடக்கட்டும்னு. அதுக்குக்கூட நீங்க விடல." அவள் சத்தம் போடவில்லை. "அது கறையான் அரிச்சதுதான். ஆனா அதைக் கேக்க நாங்க யாரு வீட்டு வாசல்லயும் போய் நிக்கலையே."

மாலையுடன் வந்திருந்த அப்பாஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிக்கேல்ராஜை ஓரமாக இழுத்தார்.

"மாப்ள, நீ செஞ்ச பெட்டி. என் பட்டறை மரம். உனக்கு இல்லைன்னு சொல்ல அவங்க யாரு?"

"மேலத்தெரு. சாவி இருதயநாதன்கிட்ட இருக்கு."

"யாரு, அந்தப் பட்டாளத்துக்காரரா? ரெண்டு பேரும் பட்டறையில உக்காந்து ஒரே கிளாஸ்ல டீ குடிப்பீங்களே! நான் உங்களை அண்ணன் தம்பின்னுல்ல நெனச்சேன்." அப்பாஸ் அதிர்ச்சியோடு அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"சொன்னா இருக்குன்னு ஆயிரும்னு நெனச்சேன் பாய்."

மிக்கேல்ராஜ் உள்ளே போய், சின்னக்கண்ணு படுத்திருந்த கயிற்றுக் கட்டிலின் தலைப்பக்கக் காலைப் பிடித்தார். "தூக்குங்கடா" என்றார்.

கட்டிலிலேயே கொண்டுபோனார்கள். கீழத்தெரு மொத்தமும் பின்னால் போயிற்று. வழக்கமாக அவர்கள் குளக்கரையைச் சுற்றிக் கோயிலின் பக்கவாட்டுக் கதவுக்கு வருவார்கள். அன்று மிக்கேல்ராஜ் மேலத்தெரு வழியாகவே நடந்தார். கதவுகள் சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கோயிலின் தலைவாசலில், தூம்பா அறைக்கு நேர் எதிரே, கட்டிலை இறக்கினார்கள்.

சாமியார் கறுப்பு மேலாடையோடு வெளியே வந்தார். இருதயநாதனும் சபையாரும் அங்கி இல்லாமல் ஒதுங்கி நின்றார்கள்.

"சாமி, நாங்க கீழத்தெரு" என்றார் மிக்கேல்ராஜ். எல்லோருக்கும் கேட்டது. "எங்ககிட்ட ஒரு தூம்பா இருந்துச்சு. கீழத்தெருன்னு ஒண்ணு இல்லைன்னு சொல்லி வாங்குனீக. நான்தான் வாங்கிக் குடுத்தேன், நான்தான் பொளந்தேன். இப்ப நாங்க இருக்கோம், எங்க பொணம் இருக்கு. தூம்பா மட்டும் இல்ல. அதுக்கு ஒரு பதிலைச் சொல்லுங்க."

"பாத்தீகளா சாமி" என்றார் இருதயநாதன், மெதுவாக. அந்தக் குரலில் ஏளனம்கூட இல்லை, மெய்யான வருத்தம்தான் இருந்தது. "யாரு பிரிச்சுப் பேசுறாகன்னு பாத்துக்கங்க."

சாமியார் சாவியைக் கேட்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தீர்த்தம் தெளித்து, லத்தீனில் செபத்தைத் தொடங்கினார். சின்னக்கண்ணு கட்டிலிலேயே கல்லறைக்குப் போனார். கட்டிலின் ஒரு கால் அப்பாஸின் தோளில் இருந்தது. மற்ற மூன்றையும் தெரு மாற்றி மாற்றி ஏந்தியது.

பெரிய வெள்ளி வருவதற்குள் கீழத்தெருவுக்கு மிக்கேல்ராஜ் ஒரு தூம்பா செய்து முடித்தார். வேப்பமரம். அலங்காரம் கிடையாது. அதைச் சின்னக்கண்ணுவின் கொட்டத்தில் வைக்கவில்லை, தன் வீட்டு முன்வாசலில், தெருவில் போகிறவர் எல்லோருக்கும் தெரிகிறமாதிரி வைத்தார். பங்குக் கூட்டத்தில் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். "பிரிவினையை மறுபடி உண்டாக்கியவர்" என்று அதில் இருந்தது. மேலத்தெருப் பிள்ளைகள் அவரைச் "சாதி மேஸ்திரி" என்று கூப்பிட்டார்கள். சாதியே இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதருக்கு ஊரில் நிலைத்த பெயர் அதுதான். இருதயநாதன் அப்பாஸின் பட்டறைக்கு வருவதை விட்டுவிட்டார். மிக்கேல்ராஜ் அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை பேசியதில்லை, நல்லதாகவும் பேசவில்லை.

அந்தச் சாமியார் 1963இல் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரும் இளவயதுதான். வந்த வாரமே கீழத்தெருவுக்கு நடந்து வந்தார். வேப்பமரத் தூம்பாவைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பிறகு அன்பாகப் பேசினார்.

"மேஸ்திரி, உங்களைப் பற்றி நிறையச் சொன்னார்கள். ஒரே பங்கில் இரண்டு தூம்பா நன்றாகவா இருக்கிறது? இதை உடைத்துவிடலாமே."

"ஒடைக்கலாம் சாமி. நானே ஒடைச்சுத் தாரேன். மொதல்ல மேலத்தெருத் தூம்பாவை ஒடைக்கச் சொல்லுங்க."

சாமியார் திகைத்துப்போனார். "மேலத்தெருவுக்கு ஏது தனித் தூம்பா? கோயிலில் இருப்பது பொதுவானதாயிற்றே?"

அந்த முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அதுதான் மிக்கேல்ராஜைத் திடுக்கிட வைத்தது. மறுபடியும் முதலிலிருந்தா என்று ஒரு கணம் தலை சுற்றியது. இழைத்துக்கொண்டிருந்த பலகையைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, மரத்தூளைத் துண்டால் தட்டினார்.

"உக்காருங்க சாமி" என்றார். "இதைச் சொல்லச் செத்த நேரம் ஆகும்."